உத்திரம் உளுத்துப்போச்சு என்று சொன்னது யார்? செட்டிநாட்டு வீட்டுப் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆச்சிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும்,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி, கோனாபட்டு என்று சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் ஊர்களில் ஏதோ ஒன்றில் உங்களுக்கு ஒரு வீட்டில் பங்கு இருக்கும். நாலில் ஒன்றாக இருக்கலாம், முப்பதில் ஒன்றாகவும் இருக்கலாம். நீங்கள் சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருக்கிறீர்கள். வீடு, கல்யாணத்துக்கும் முன்னோர்களுக்கான படைப்புக்கும் மட்டும் திறக்கிறது. அதை என்ன செய்வது என்று பங்காளிகள் கூடிப் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பேச்சை முடித்துவைக்கிறார்: "மரமெல்லாம் உளுத்துப்போச்சு, இனிமே தாங்காது."

பழைய கட்டடங்களின் மர வேலைகளைப் பரிசோதித்துப் பழுதுபார்ப்பது என் தொழில். வீட்டை விற்கிறவர்களைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. முப்பது பங்காளிகளிடம் கையெழுத்து வாங்கி, நாலு கட்டு வீட்டுக்கு ஓடு மாற்றுவது எவ்வளவு பெரிய பாடு என்று எனக்குத் தெரியும். நான் பேச வந்தது அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி மட்டும்தான்.

அதை உங்களுக்குச் சொன்னவர் யார்? அநேகமாக இரண்டு பேரில் ஒருவர். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தருவதாகப் பேசுகிறவர் ஒருவர். பழைய மரம் வாங்குகிறவர் இன்னொருவர். இந்த இரண்டாமவர் விஷயம்தான் வேடிக்கை. உளுத்துப்போன மரம் என்று சொல்லி விலையைக் குறைக்கிறார். அப்புறம் அதே தூண்களையும் நிலைகளையும் உத்திரங்களையும் பார்த்துப் பார்த்து லாரியில் ஏற்றுகிறார். உளுத்த மரத்துக்கு யாராவது லாரி வாடகை கொடுப்பார்களா?

நீங்கள் கேட்க வேண்டிய ஆள் மரத்தில் ஆதாயம் இல்லாதவராக இருக்க வேண்டும். அப்படி ஒருவர் வந்தால் அவரிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டுக்கு நூறு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்?" என்பது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதிலேயே ஒரு தவறான கணக்கு ஒளிந்திருக்கிறது. வயதானால் மரம் தானாக இற்றுப்போகும் என்ற கணக்கு அது. மரத்துக்கு அப்படி ஒரு ஆயுள் கிடையாது. ஜப்பானில் நாரா பக்கத்தில் இருக்கும் ஹோர்யூஜி கோயிலின் மரக் கட்டடங்கள் சுமார் 1,300 ஆண்டுகளாக நிற்கின்றன. கூரையைப் பிரித்து, கெட்ட துண்டை மாற்றி, திரும்பக் கோத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம் கனடாவின் வான்கூவரைப் பாருங்கள். 1980களிலும் 90களிலும் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் ஏராளமானவை, கட்டிச் சில ஆண்டுகளிலேயே சுவருக்குள் இருந்த மரச் சட்டம் இற்றுப்போய், குடியிருந்தவர்களைக் கடனாளி ஆக்கின. 1998-இல் அந்த மாகாண அரசு விசாரணை ஆணையமே வைக்க வேண்டி வந்தது. சுவரின் வெளிப்பூச்சு வழியாக உள்ளே போன மழைத் தண்ணீர் வெளியேறவும் முடியவில்லை, காயவும் முடியவில்லை. காரணம் அவ்வளவுதான். மழைச் சாரல் சுவரில் படாமல் தடுக்கும் அளவுக்குக் கூரை நீட்டமும் பல கட்டடங்களில் இல்லை.

ஆகவே தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு மரத்துக்குள் ஈரம் ஏறக்குறைய 28, 30 சதவீதத்தைத் தாண்டினால்தான் நன்றாக வேலை ஓடும். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பயமில்லை என்பது உலகம் முழுக்க வைத்துக்கொள்ளும் வரம்பு. உங்கள் ஊர்ப் பக்கம் காற்று காய்ந்த காற்று. கூரைக்குக் கீழே நனையாமல் இருக்கும் மரம் மழைக்காலத்தில்கூட 20 சதவீதத்தைத் தொடுவது அரிது. அதாவது வெறும் காற்றின் ஈரத்தால் செட்டிநாட்டில் உத்திரம் இற்றுப்போவதில்லை. எங்கேயாவது இற்றிருந்தால், அந்த இடத்துக்கு ஒரு வழியாகத் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது.

ஊர்த் தட்பவெப்பத்தை வைத்து இதைக் கணக்கிடவும் ஒரு வழி இருக்கிறது. ஷெஃபர் என்ற அமெரிக்க மர ஆராய்ச்சியாளர் 1971-இல் கொடுத்த சூத்திரம் அது. ஒரு மாதத்தின் சராசரி வெப்பத்திலிருந்து 2 டிகிரியைக் கழிக்க வேண்டும். அந்த மாதத்தின் மழை நாட்களிலிருந்து 3-ஐக் கழிக்க வேண்டும். இரண்டையும் பெருக்கி 16.7-ஆல் வகுத்து, பன்னிரண்டு மாதங்களுக்கும் கூட்டினால் வருவதுதான் அந்த ஊரின் குறியீடு. 35-க்குக் கீழே என்றால் வெளியில் நிற்கும் மரத்துக்கும் ஆபத்து குறைவு, 65-க்கு மேலே என்றால் அதிகம். ஐப்பசியில் வெப்பம் 28 டிகிரி, மழை நாள் 12 என்று வைத்துக்கொண்டால் அந்த மாதத்துக்கு 14 வரும். மாசியில் ஒரே ஒரு நாள் தூறினால் கணக்கில் சேர்க்க ஒன்றுமே இல்லை. வெயில் எவ்வளவு அடித்தாலும் சரி, நனையாத மாதம் மரத்தைத் தின்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் ஆனி மாதம் 20 நாள் மழை, 26 டிகிரி என்று போட்டுப் பாருங்கள், ஒரே மாதத்துக்கு 24 வரும். கேரளத்து மர வீட்டுக்காரர்கள் ஏன் கூரையை அவ்வளவு கீழே இறக்கிக் கட்டினார்கள் என்பது அப்போது புரியும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க நினைக்கும் இளம் பொறியாளர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு எச்சரிக்கை. ஷெஃபருக்கு 0.25 மில்லிமீட்டர் தூறினாலே அது மழை நாள். நம் வானிலைத் துறை 2.5 மில்லிமீட்டர் பெய்தால்தான் மழை நாள் என்று எழுதும். அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துப் போட்டால் ஆபத்து குறைவாகத் தெரியும். தினசரி மழை அளவை வாங்கி நாமே எண்ண வேண்டும்.

உங்கள் வீட்டுத் தூணும் உத்திரமும் பெரும்பாலும் தேக்கு. தேக்கு என்றதும் இன்னொரு குழப்பமும் வருகிறது. இந்தியத் தரநிலையில் மரங்களை மூன்று தரமாகப் பிரித்திருக்கிறார்கள். 60 சென்டிமீட்டர் நீளமும் 5-க்கு 5 சென்டிமீட்டர் கனமும் உள்ள குச்சிகளைப் பாதி மண்ணில் புதைத்து, கரையானும் பூஞ்சையும் தின்று முடிக்க எத்தனை மாதம் ஆகிறது என்று பார்ப்பார்கள். சராசரி 120 மாதம் தாண்டினால் உயர்ந்த நீடிப்பு, 60 முதல் 120 வரை நடுத்தரம், 60-க்குக் கீழே குறைவு. தேக்கு முதல் தரத்தில் இருக்கிறது, மாமரமும் இலவமும் கடைசியில். இதைப் படித்துவிட்டு "தேக்குக்கே பத்து வருஷம்தானா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஈர மண்ணில் பாதி புதைந்த இரண்டு அங்குலக் குச்சிக்குத்தான் அந்தப் பத்து வருஷம். கருங்கல் பீடத்தின் மேல், கூரைக்கு அடியில், காற்றாட நிற்கும் உங்கள் வளவுத் (முற்றம் சூழ்ந்த உள்கட்டு) தூணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மரங்களை ஒன்றோடொன்று ஒப்பிடத்தான் அந்த எண், வீட்டின் ஆயுளைச் சொல்ல அல்ல.

அந்தக் கருங்கல் பீடம் அழகுக்காக மட்டும் வைத்ததில்லை. மரம் பக்கவாட்டில் குடிக்கும் தண்ணீரைவிட வெட்டுமுனை வழியாகக் குடிப்பது பல மடங்கு அதிகம். தூணின் அடிமுனை தரையைத் தொடாமல் இருப்பதால்தான் அது தரை கழுவும் தண்ணீரைக் குடிக்காமல் இத்தனை காலம் தப்பித்திருக்கிறது. உங்கள் முன்னோர்கள் பர்மாவிலிருந்து கொண்டுவந்ததும் சாதாரணத் தேக்கு இல்லை. பெருங்காட்டில் முதிர்ந்த மரங்களை வெட்டி, வெளிப்புற வெள்ளையை (பட்டையை ஒட்டிய வெளிறிய மரம்) செதுக்கித் தள்ளி, பெரும்பாலும் வைரத்தை (நடுவில் இருக்கும் முதிர்ந்த மரம்) கப்பலேற்றினார்கள். பூஞ்சையும் கரையானும் தேக்கை வெறுக்கக் காரணமான எண்ணெய்ச் சத்தும் டெக்டோகுவினோன் போன்ற சேர்மங்களும் வைரத்தில்தான் இருக்கின்றன. வெள்ளையில் அவை இல்லை. ஐரோப்பியத் தரநிலையில் காட்டுத் தேக்கு முதல் வகுப்பு (மிக அதிகம் நீடிப்பது), தோட்டத்தில் வளர்த்த தேக்கு 1 முதல் 3 வரை எங்கேயும் இருக்கலாம். பழைய உத்திரத்தை விற்றுவிட்டுப் புது வீட்டுக்கு இளந்தேக்குக் கதவு வாங்குகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

சரி, எங்கே இற்றுப்போகும்? எந்த வருஷம் என்று சொல்வது கடினம். எந்த இடம் என்பதை வீட்டைப் பார்த்த அன்றே ஓரளவு சொல்லிவிடலாம். வளவுக்குள் போய் முற்றத்தின் நடுவில் நின்று மேலே பாருங்கள். நாலு பக்கக் கூரையும் உள்ளே பார்த்துச் சரிகிறது. இரண்டு சரிவுகள் சேரும் நாலு மூலைகளில்தான் இரண்டு கூரைகளின் தண்ணீரும் ஒன்றாக ஓடுகிறது. அங்கே வைத்த தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலோ, இலையும் குருவிக்கூடும் அடைத்திருந்தாலோ, தண்ணீர் ஓட்டுக்கு அடியில் திரும்பி மூலைச் சட்டத்தில் இறங்கும். நாலு மூலையையும் நாலு மூலைத் தூண்களின் தலைப்பையும் பார்த்துவிட்டால் அந்த வளவின் நிலைமை பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அடுத்தது உத்திரத்தின் முனைகள். இதுதான் எனக்குக் கவலை தரும் இடம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. ஐந்து மீட்டர் உத்திரத்தில் சுவருக்குள் புதைந்திருப்பது ஒரு சாண். அந்த ஒரு சாண் இற்றால் மீதி எவ்வளவு வைரமாக இருந்தும் பயனில்லை. பழைய செங்கல் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் வாங்கிய ஈரத்தைத் திரும்ப விட்டுவிடும். பழுதுபார்க்கிறேன் என்று வெளிச்சுவரில் சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடுகிறது. விரிசலில் நுழையும் மழை சுவருக்குள்ளேயே தங்கி, உத்திர முனை வழியாகத்தான் வெளியேறப் பார்க்கும். எந்த வீட்டிலாவது வெளிச்சுவரில் புது சிமெண்ட் பூச்சைப் பார்த்தால் நான் முதலில் அதற்கு நேர் உள்ளே இருக்கும் உத்திர முனைக்குத்தான் போவேன். மரக் கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புத் தளம் போடும் மெட்ராஸ் டெரஸ் பகுதிகளிலும் இதே கதை. மேலே சுண்ணாம்புத் தளம் விரிந்ததும் அதன்மேல் சிமெண்டும் தார்ச் சீட்டும் போடுகிறார்கள். ஏற்கெனவே உள்ளே இறங்கிய தண்ணீர் மேலே போக முடியாமல் கீழே இருக்கும் கட்டைகளுக்குப் போகிறது.

மேல் மாடி அறையோடு ஒட்டிய குளியலறை தனி ரகம். மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறான், கீழே இறங்கிப் பின்கட்டுக்குப் போகச் சங்கடப்படுகிறான் என்று மரத்தளத்தின் மேல் ஒரு கழிப்பறை கட்டிவிடுகிறார்கள். மழை வருஷத்தில் இரண்டு மாதம் ஒழுகும். குழாய் இணைப்பு பன்னிரண்டு மாதமும் ஒழுகும். செட்டிநாட்டுத் தட்பவெப்பம் கொடுத்த பாதுகாப்பையெல்லாம் அந்த ஒரு குழாய் ரத்து செய்துவிடும். குளியலறை வேண்டும் என்றால் தரைத்தளத்தில், சுவரை ஒட்டி, தனியாகக் கட்டுங்கள்.

"உளுத்துப்போச்சு" என்ற சொல்லை எல்லாவற்றுக்கும் போடுகிறோம். உண்மையில் அங்கே மூன்று வெவ்வேறு நோய்கள் இருக்கலாம். சின்னச் சின்ன ஓட்டைகளும் கீழே மாவு மாதிரித் தூளும் இருந்தால் அது வண்டு. வெள்ளைப் பகுதியில் இருக்கும் மாவுச்சத்துக்காக வருவது. தேக்கின் வைரத்துக்குள் அதற்குச் சாப்பாடு இல்லை. ஓரத்தில் ஒரு விரல்கடை வெள்ளை இருந்த இடம் மாவாகியிருக்கும், உள்ளே சுத்தியலால் தட்டினால் கணீர் என்று கேட்கும். பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் ஆபத்தில்லை. கரையான் என்றால் மண் குழாய் ஓடியிருக்கும். நல்ல தேக்கை விட்டுவிட்டு, பெட்டியறைக் காகிதங்களையும் மாமரப் பலகைகளையும் தேடிப் போகும். அது எங்கிருந்து ஏறுகிறது என்று பார்த்துத் தரையடியில் மருந்து வைக்க வேண்டும், உத்திரத்தின் மேல் மண்ணெண்ணெய் தெளித்துப் பயனில்லை. மூன்றாவதாகப் பூஞ்சை. நிறம் கறுத்து, குறுக்கே சதுரம் சதுரமாக வெடித்து, நகத்தால் அழுத்தினால் உதிரும். பயப்பட வேண்டியது இதற்குத்தான். இந்த வகைப் பூஞ்சையில், எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவதற்குள் வலிமையில் பாதிக்கு மேல் போய்விடக்கூடும். கண்ணால் பார்த்து "கொஞ்சம்தான் போயிருக்கிறது" என்று சொல்வதை நம்பக் கூடாது.

பரிசோதனைக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. இரண்டு ஊசி உள்ள ஈரமானி, ஒரு சுத்தியல், ஒரு குத்தூசி இருந்தால் முதல் சுற்று முடிந்துவிடும். குத்தூசியை மரத்தில் ஏற்றி நெம்பினால் நல்ல மரம் நீளச் சிம்பாகப் பெயரும், கெட்ட மரம் சத்தமில்லாமல் குறுக்கே முறியும். சுவருக்குள் இருக்கும் முனைக்கு 3 மில்லிமீட்டர் முனை கொண்ட ஊசித் துளைக் கருவி இருக்கிறது. துளைக்கும்போது மரம் எவ்வளவு எதிர்க்கிறது என்பதை வரைபடமாகக் கொடுக்கும். சுவரை உடைக்காமலேயே எத்தனை அங்குலம் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

தெரிந்தபின் கணக்குப் போடலாம். 200 மில்லிமீட்டர் உயரமுள்ள உத்திரத்தின் மேல்பக்கம் நீளம் முழுக்க 20 மில்லிமீட்டர் இற்றிருந்தால், வளைவைத் தாங்கும் திறனில் 81 சதவீதம் மிச்சம் இருக்கிறது. மரம் தாராளமாகக் கிடைத்த காலத்தில் தேவைக்கு மேலேயே கனம் வைத்துக் கட்டிய வீடுகள் இவை. பல வீடுகளில் அந்த 81 போதும். முனை இற்றிருந்தால் கெட்ட அரை மீட்டரை வெட்டி, பழைய தேக்கிலேயே துண்டு போட்டுக் கோக்கலாம், அல்லது சுவரை ஒட்டி இரும்புத் தாங்கி கொடுக்கலாம். ஒரு உத்திர முனைக்காக ஒரு வீட்டை இடிப்பதைத்தான் என்னால் ஏற்க முடிவதில்லை.

வருங்காலத்தைச் சொல்லும் பகுதி இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்கள் மரம் இற்றுப்போவதை இரண்டு கட்டமாக வைத்துக் கணித்தார்கள். முதலில் எதுவுமே தெரியாத ஒரு தாமதக் காலம், அப்புறம் ஆண்டுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு வேகம். மரத்தின் வகை, ஊரின் தட்பவெப்பம், இணைப்பின் வடிவம் மூன்றையும் பொறுத்து அந்த வேகம் மாறும். அவர்கள் ஊர் எண்களை இங்கே அப்படியே போட முடியாது. ஆனால் உங்கள் வீட்டு எண்ணை நீங்களே எடுக்கலாம். அதே இடத்தில், அதே உத்திரத்தில், சித்திரையில் ஒரு தடவையும் கார்த்திகையில் ஒரு தடவையும் ஈரம் பார்த்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளே செய்துவிடுவார், ஒரு மணி நேர வேலை. கார்த்திகையில் 24 காட்டிய இடம் சித்திரையில் 12-க்கு இறங்கினால் மரம் காய்கிறது, கூரை ஓடுகளை மட்டும் பாருங்கள். சித்திரையிலும் 22 என்றால் எங்கோ குழாயோ சுவரோ தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறது. மூன்று நான்கு வருஷம் எழுதினால் எந்த முனை எந்தப் பக்கம் போகிறது என்பது நோட்டிலேயே தெரியும். விருந்தினர் தங்கும் விடுதியாக வீட்டை நடத்துகிறவர்கள் இதில் முன்னே வரலாம், அவர்களிடம் ஆள் இருக்கிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் ஏறிய ஊர்களின் மரம் என்ன ஈரத்தில் இருக்கிறது என்று சொல்ல ஒரு நோட்டாவது வேண்டாமா?

பங்காளிகளிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இந்த வருஷம் ஆவணியில், ஐப்பசி மழைக்கு முன்னால், நாலு மூலைத் தகரத்தையும் உடைந்த ஓடுகளையும் மாற்றக் காசு போடுங்கள். மொத்த வீட்டையும் செப்பனிடப் பணம் சேரும்வரை இந்தச் சின்ன வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த மூலையில் ஒழுகும் தண்ணீர்தான் பின்னால் பெரிய செலவாக வருகிறது. பூட்டிய அறைகளின் சன்னல்களை மாதம் ஒரு நாளாவது திறந்துவிடச் சொல்லுங்கள். நனைந்த மரத்தின் மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள், உள்ளே இருக்கும் ஈரத்தை மூடி வைத்ததாகிவிடும். (தேக்குத் தூணுக்கு எனாமல் பெயிண்ட் அடிப்பது எந்தக் காலத்திலும் வேண்டாம், அது என் சொந்தக் கருத்து.)

இடிப்பதா வேண்டாமா என்று கூடும்போது, மரம் வாங்குகிறவரும் வீடு கட்டுகிறவரும் இல்லாத மூன்றாவது ஆள் ஒருவரை வரவழைத்து, ஒவ்வொரு உத்திரத்துக்கும் எண் போட்டு, எது நல்லது, எது முனை மட்டும் போனது, எது முழுக்கப் போனது என்று எழுத்தில் வாங்குங்கள். எல்லா வீடும் தப்பும் என்று நான் சொல்லவில்லை. கூரை விழுந்து பல மழை பார்த்துவிட்ட வீடுகள் இருக்கின்றன, அவற்றில் தூண்களை மட்டும் எடுக்க முடியும். அறிக்கை வந்த பிறகும் விற்பது என்று முடிவானால் விற்றுக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. மரக்காரர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு "எல்லாம் உளுத்ததுங்க" என்று ஆரம்பிக்கும்போது அந்த அறிக்கையை எடுத்து முன்னால் வையுங்கள். விலை அங்கிருந்து பேசப்படட்டும்.

இப்படிக்கு,
பழைய வீடுகளின் மர வேலை பார்க்கும் ஒரு பொறியாளர்